அது அவர்களுடைய கடைசி உயிரியல் வகுப்பு



கல்லூரிகள் திறந்துவிட்டன. நம் வகையறாவிலேயே இந்த வருடம் மூன்று பிள்ளைகள் பி.காம் சேர்ந்திருக்கிறார்கள், ஒரு பெண் பி.ஏ. தமிழ். என்னிடம் படித்தவர்களின் பிள்ளைகளையும் சேர்த்து எண்ணினால் ஒரு வகுப்பே வரும். இந்த வருடமோ அடுத்த வருடமோ அவர்களிடம் ஒரு தாளை நீட்டுவார்கள். உங்கள் துறைக்கு வெளியே ஒரு விருப்பப் பாடம் எடுக்க வேண்டும், எது என்று டிக் அடியுங்கள் என்பார்கள். நான்-மேஜர் எலக்டிவ் என்று பெயர். பிள்ளைகள் என்.எம்.இ. என்று சுருக்கிச் சொல்கிறார்கள். அந்தப் பட்டியலில் விலங்கியல் துறையோ தாவரவியல் துறையோ நடத்தும் அடிப்படை உயிரியல் பாடம் இருந்தால் அதை எடுக்கச் சொல்லுங்கள்.

சொல்ல வந்தது இவ்வளவுதான். ஏன் சொல்கிறேன், அந்தப் பாடம் இப்போது நடக்கிற விதத்தில் எனக்கு என்ன வருத்தம், எப்படி நடந்தால் நன்றாக இருக்கும் என்பதையும் எழுதுகிறேன். பதிவு நீளம்தான். வகுப்பில் என் பேச்சைப் பொறுத்துக்கொண்டவர்கள் இதையும் பொறுத்துக்கொள்வீர்கள்.

முதலில் ஒன்று. நான் விலங்கியல் பட்டதாரி இல்லை. இரண்டு வருட ஆசிரியர் பயிற்சி டிப்ளமோதான் என் படிப்பு. ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் 35 வருடம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குக் கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் என்று கையில் கொடுத்ததையெல்லாம் நடத்தினேன். அதனால் இதைப் பேராசிரியர் பார்வையில் எழுதவில்லை. அறிவியல் பட்டம் இல்லாமல், உடம்பைப் பற்றித் தெரிந்துகொண்டே ஆக வேண்டிய ஆளாக எழுதுகிறேன். பி.காம் பிள்ளையும் அதே நிலையில்தான் இருக்கிறது.

பதினொன்றாம் வகுப்பில் காமர்ஸ் குரூப் எடுத்த பிள்ளைக்கு உயிரியல் பத்தாம் வகுப்போடு முடிந்தது. அப்போது வயது 15. நாளமில்லாச் சுரப்பி, மரபியல், இரத்த ஓட்டம் எல்லாம் அந்தப் புத்தகத்தில் இருந்தன, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் 15 வயதில் அவை மார்க்குக்கான பாடங்கள். அந்த வயதில் அப்பாவுக்குச் சர்க்கரை வந்திருக்காது, அக்காவுக்குக் கல்யாணம் பேசியிருக்க மாட்டார்கள், பாட்டியைத் தூக்கிக்கொண்டு யாரும் ஓடியிருக்க மாட்டார்கள். அதெல்லாம் 19, 20 வயதில்தான் தொடங்குகிறது. நம் வீடுகளில் கல்லூரிக்குப் போகிற முதல் பிள்ளைதான் குடும்பத்தின் டாக்டர். லேப் ரிப்போர்ட் வந்ததும் அதன் கையில்தான் கொடுக்கிறோம். "நீ காலேஜ் போறியே கண்ணு, இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்கிறோம். அது என்ன படிக்கிறது என்று நாம் கேட்பதில்லை. கணக்குப் பதிவியல் படிக்கிற பிள்ளை, எழுத்து தடித்து அச்சாகியிருக்கிற எண்ணைப் பார்த்துவிட்டு கூகுளில் தேடுகிறது.

அந்தப் பிள்ளைக்கு என்.எம்.இ. உயிரியல்தான் வாழ்க்கையின் கடைசி உயிரியல் வகுப்பு. அதற்குப் பிறகு உடம்பைப் பற்றி அதற்குச் சொல்லித்தரப் போகிறவர்கள் யார்? வாட்ஸ்அப், மருந்துக் கம்பெனி விளம்பரம், பக்கத்து வீட்டு அத்தை, அவசரத்தில் இருக்கும் டாக்டர். மருத்துவமனையில் ஒரு நோயாளிக்கு மூன்று நிமிடம் கிடைத்தால் பெரிய விஷயம். காரணம் விளக்கிச் சொல்ல அங்கே நேரம் இல்லை. இதை மனதில் வைத்துத்தான் அந்த வகுப்பை நடத்த வேண்டும்.

ஆனால் எப்படி நடக்கிறது? நம் பிள்ளைகளிடம் கேட்டுப் பார்த்தேன். வாரத்துக்கு இரண்டு மணி நேரம், பெரும்பாலும் கடைசிப் பீரியட். பி.எஸ்சி. முதல் வருடப் பாடத்தில் பாதியை வெட்டிக் கொடுத்த நோட்ஸ். செல்லின் படம், உறுப்புகளின் பெயர்கள், வகைப்பாடு. பரீட்சைக்கு முந்தின நாள் ஜெராக்ஸ் கடையில் பத்துக் கேள்வி பதில் கிடைக்கும். எல்லோரும் பாஸ். "எதுல ஈசியா மார்க் வரும்" என்பதுதான் அந்தப் பாடத்தைத் தேர்ந்தெடுக்கிற ஒரே காரணம். நன்றாக நடத்துகிற கல்லூரிகளும் இருக்கின்றன, அவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் கேட்ட அளவில் அவை குறைவு.

இதில் என்ன குடிமுழுகிவிட்டது என்று கேட்பீர்கள். ஒரு குடும்பத்தின் கதையைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், படிக்கிறவர்களில் சிலருக்கு ஆள் யாரென்று தெரிந்திருக்கலாம், நீங்களும் சொல்ல வேண்டாம்.

என்னிடம் எட்டாவது வரை படித்த பையன். நல்ல கணக்கு. பி.காம் முடித்து லாரி ஆபீஸில் கணக்கு எழுதினான். அவன் அப்பாவுக்குக் காசநோய். அரசு மருத்துவமனையில் இலவசமாக மாத்திரை கொடுத்து ஆறு மாதம் சாப்பிடச் சொன்னார்கள். இரண்டு மாதத்தில் இருமல் நின்றது, எடை நாலு கிலோ ஏறியது. மாத்திரை சாப்பிட்டால் குமட்டல், சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போகிறது. அப்பா பயந்துவிட்டார். பையன் யோசித்தான். நோய் போய்விட்டது, மாத்திரைதான் உடம்பைக் கெடுக்கிறது என்று முடிவு செய்து நிறுத்தச் சொன்னான். சோம்பேறித்தனம் இல்லை, அலட்சியம் இல்லை. அப்பா மேல் இருந்த அக்கறையில் எடுத்த முடிவு.

எட்டு மாதத்தில் நோய் திரும்பி வந்தது. இந்த முறை பழைய மருந்துக்கு அசையவில்லை. ஒன்றரை வருடத்துக்கு மேல் வேறு மருந்துகள், அதில் பல மாதம் தினமும் ஊசி. உயிர் பிழைத்தார். அந்த ஊசியால் காது மந்தமாகிவிட்டது. ஒரு கல்யாண வீட்டில் பார்த்தபோது அவர் பக்கத்தில் உட்கார்ந்து மகன் கத்திக் கத்திப் பேசிக்கொண்டிருந்தான். அன்றைக்கு அவன் என்னிடம் சொன்னது இதுதான்: "ஆறு மாசம் சாப்பிடச் சொன்னாங்க டீச்சர். ஏன் ஆறு மாசம்னு யாருமே சொல்லலீங்க."

அந்த "ஏன்" ஒன்றும் எட்டாக் கனி இல்லை. பி.காம் பிள்ளைக்கு அவன் பாஷையிலேயே சொல்லலாம். நம் குடலில் வாழும் சாதாரண பாக்டீரியா ஒன்று, வசதி கிடைத்தால் 20 நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டாகும். கூட்டு வட்டி மாதிரி கணக்குப் போடுங்கள். பத்து மணி நேரத்தில் 30 முறை இரட்டிப்பு. ஒன்று 107 கோடியைத் தாண்டும். காலையில் நன்றாக இருந்த குழம்பு ராத்திரி கெட்டுப்போவதன் கணக்கு இப்படித்தான். காசநோய்க் கிருமி நேர் எதிர். ஒரு முறை இரண்டாவதற்கே அதற்கு ஏறக்குறைய 20 மணி நேரம் ஆகும். சில கிருமிகள் நுரையீரலுக்குள் வேலையே செய்யாமல் உறங்கிக் கிடக்கும். மருந்து சுறுசுறுப்பாக இருக்கும் கிருமியைச் சீக்கிரம் கொல்கிறது, உறங்குகிறவற்றைக் கொல்ல மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கிறது. இரண்டு மாதத்தில் இருமல் நிற்பது, பெரும் படை அழிந்ததற்கு அடையாளம். மிச்சம் இருப்பவை எளிதில் சாகாதவை. அப்போது மருந்தை நிறுத்தினால், பெருகப் போகிறவை அந்த எளிதில் சாகாத கிருமிகள்தான்.

ஏன் ஒரே நேரத்தில் நாலு மருந்து? கோடிக்கணக்கான கிருமிகளில் ஏதோ ஒன்றிரண்டு தற்செயலாக ஒரு மருந்தைத் தாங்கும். அதே கிருமி நாலு மருந்தையும் தாங்குவதற்கான வாய்ப்பு, நாலு சிறிய பின்னங்களைப் பெருக்கிய விடை. எவ்வளவு சிறியது என்று பிசினஸ் மேத்ஸ் படித்தவனுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆரஞ்சு நிறம் நாலில் ஒரு மருந்தின் சாயம், பயப்பட ஒன்றும் இல்லை. எல்லாம் சேர்த்து முக்கால் மணி நேர வகுப்பு.

டார்வினின் இயற்கைத் தேர்வு என்று ஐந்து மார்க் கேள்விக்குப் படித்த பையன்தான் அவனும். ஒட்டகச்சிவிங்கியின் கழுத்தைப் பற்றி அழகாக எழுதியிருப்பான். அந்த இயற்கைத் தேர்வு தன் அப்பாவின் நெஞ்சுக்குள் நடக்கிறது என்று அவனுக்கு யாரும் காட்டவில்லை. அந்த வேலையைச் செய்யத்தான் கல்லூரியில் ஓர் உயிரியல் பாடம் வேண்டும் என்கிறேன்.

"அப்படியானால் மாத்திரையை நிறுத்தாதே என்று ஒரு நோட்டீஸ் அடித்துக் கொடுத்தால் போதுமே, பாடம் எதற்கு?" என்று என் தம்பி கேட்டான். நோட்டீஸ் அந்த வீட்டிலும் இருந்தது. காரணம் தெரியாத அறிவுரை, அடுத்த ஆள் வேறு அறிவுரை சொல்லும் வரைக்கும்தான் நிற்கும். காரணம் தெரிந்தவன், யாரும் சொல்லித்தராத புதுச் சூழ்நிலையிலும் யோசிப்பான்.

இன்னும் சில கேள்விகளைச் சொல்கிறேன். என்னிடம் பாடத்திட்டம் போடச் சொன்னால் அலகு ஒன்று, அலகு இரண்டு என்று போடாமல் இப்படிக் கேள்விகளாகத்தான் வைப்பேன்.

சர்க்கரைக்கு ஏன் இரண்டு விதமான பரிசோதனை? 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெரிய ஆய்வு, நாட்டில் 10 கோடிக்கு மேல் சர்க்கரை நோயாளிகள் என்று கணக்கிட்டது. ஆக இது எல்லா வீட்டுக் கேள்வி. வெறும் வயிற்றில் எடுப்பது அன்றைய தேதியின் பேங்க் பேலன்ஸ். ஹெச்பிஏ1சி என்பது மூன்று மாத ஸ்டேட்மென்ட். எப்படி மூன்று மாதம் தெரிகிறது? இரத்தச் சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள். அது உயிரோடு சுற்றிக்கொண்டிருக்கும் காலமெல்லாம் அதன் ஹீமோகுளோபினில் இரத்தத்தில் உள்ள சர்க்கரை கொஞ்சம் கொஞ்சமாக ஒட்டுகிறது. எவ்வளவு ஒட்டியிருக்கிறது என்று பார்த்தால் சராசரி தெரிந்துவிடும். பரிசோதனைக்கு முந்தின நாள் மட்டும் பட்டினி கிடந்து டாக்டரை ஏமாற்ற முடியாது என்பது இதிலிருந்து தானாக விளங்கும். "15 நாளில் உங்கள் ஹெச்பிஏ1சி நார்மல்" என்று பொடி விற்கிற வீடியோவின் யோக்கியதையும் விளங்கும். பழைய அணுக்களில் பெரும்பகுதி இன்னும் உள்ளே சுற்றிக்கொண்டிருக்க, 15 நாளில் எப்படி அப்பா? இந்த ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தால் வீட்டுக்குச் சில ஆயிரங்கள் மிச்சம். சிலருக்குக் கால் மிச்சம்.

பெண் பிள்ளை பிறந்தால் யார் காரணம்? சிரிக்காதீர்கள். 1992-ல் தொட்டில் குழந்தைத் திட்டத்தை அரசு தொடங்க வேண்டி வந்தது சேலத்தில். அன்றைக்கு நம் நாமக்கல்லும் சேலம் மாவட்டத்துக்குள்தான் இருந்தது. மூன்றாவதும் பெண்ணாகப் பிறந்ததற்காக மருமகளைத் தாய் வீட்டுக்கு அனுப்பிய வீடுகளை நம்மில் பெரியவர்கள் எல்லோரும் பார்த்திருக்கிறோம். அம்மாவிடம் இருப்பது இரண்டும் எக்ஸ் குரோமோசோம், அவளால் எக்ஸ் மட்டுமே கொடுக்க முடியும். எக்ஸா ஒய்யா என்பது அப்பாவிடமிருந்து வருவது, அதுவும் அவர் கையில் இல்லாத தற்செயல். இதை 1905-ல் மாவுப் புழு வண்டுகளை வைத்துக் கண்டுபிடித்தவர்களில் முக்கியமானவர் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற அமெரிக்கப் பெண். அவர் நம்மைப் போல ஆசிரியர் பயிற்சிப் பள்ளியில் படித்துப் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்தியவர். 35 வயதில்தான் பல்கலைக்கழகத்துக்கே போனார். என் ஜாதிக்காரி என்று எனக்கு ஒரு பெருமை. ஆசிரியர் ஜாதியைச் சொல்கிறேன். இந்த எக்ஸ் ஒய் கதை பத்தாம் வகுப்பிலேயே இருக்கிறது. இருந்தும் மாமியார் மருமகளைத் திட்டும்போது பட்டம் வாங்கிய மகன் வாய் திறப்பதில்லை. புத்தகத்தில் படித்ததை வீட்டுக் கூடத்தில் எடுத்துச் சொல்லப் பழக்குவதும் அந்த வகுப்பின் வேலை.

சொந்தத்தில் கல்யாணம் செய்யலாமா? 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் மணமான பெண்களில் நூற்றுக்கு 28 பேர் இரத்த உறவில் மணம் முடித்தவர்கள். இது நம் குடும்பங்களுக்குள் பேசவே சங்கடமான விஷயம், ஆகவேதான் வகுப்பில் பேச வேண்டும். யாரையும் குற்றம் சொல்லாமல் கணக்காகச் சொல்லலாம். ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி. ஒன்று பழுதானாலும் மற்றது சமாளிக்கும் நோய்கள் பல. அந்தப் பழுது நமக்கே தெரியாமல் உள்ளே கிடக்கும். ஒரே தாத்தா பாட்டியிடமிருந்து வந்த மாமன் மகளும் அத்தை மகனும் தங்கள் மரபணுக்களில் சராசரியாக எட்டில் ஒரு பங்கைப் பொதுவாக வைத்திருப்பார்கள். தாய்மாமனுக்கும் அக்கா மகளுக்கும் நாலில் ஒரு பங்கு. அதனால் ஒரே பழுது இரண்டு பக்கமும் இருக்கிற வாய்ப்பு கூடுகிறது. இருவருக்கும் அதே பழுது இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் நாலில் ஒரு வாய்ப்பு அந்த நோய் வர. சொந்தத்தில் மணம் முடித்த பெரும்பாலோருக்கு நல்ல பிள்ளைகள்தான் பிறக்கின்றன, அதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். "எங்க தாத்தாவும் சொந்தத்துலதான் கட்டினார், என்ன ஆச்சு" என்கிற பேச்சுக்குப் பதில் இந்த நாலில் ஒன்றுக்குள் இருக்கிறது. முடிவு அவரவர் எடுக்கட்டும், தெரிந்து எடுக்கட்டும்.

சாப்பிட்டவுடன் டீ குடிக்கலாமா? அதே ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், நூற்றுக்கு 53 பேருக்கு இரத்தசோகை. கீரையில் உள்ள இரும்பை உடம்பு உறிஞ்சுவதை டீ தடுக்கிறது, எலுமிச்சையும் நெல்லிக்காயும் கூட்டுகிறது. காசு செலவில்லாத பாடம்.

நாய் கடித்தால் ஏன் பதினைந்து நிமிடம் சோப்புப் போட்டுக் கழுவ வேண்டும்? வெறிநோய் வைரஸின் மேலுறை கொழுப்பால் ஆனது, சோப்பு அதை உடைக்கும். கடித்த பிறகு தடுப்பூசி போட்டால் எப்படி வேலை செய்கிறது? வைரஸ் நரம்பு வழியாக மெதுவாகத்தான் மூளைக்கு நடந்து போகிறது. அது போய்ச் சேருவதற்குள் உடம்பு ஆயுதம் தயாரித்துவிட வேண்டும், இது ஓர் ஓட்டப்பந்தயம். மூளைக்குப் போய் அறிகுறி தெரிந்தபின் ஏறக்குறைய யாரும் பிழைப்பதில்லை. இது தெரிந்தவன் "சின்னக் கீறல்தானே, நாளைக்குப் பார்க்கலாம்" என்று சொல்ல மாட்டான், மூன்றாவது ஊசியையும் விட மாட்டான்.

பாம்புக்கும் இப்படியே. நாகமும் கட்டுவிரியனும் நரம்பைத் தாக்குபவை, கண்ணாடி விரியனும் சுருட்டை விரியனும் இரத்தம் உறைவதைக் கெடுப்பவை. கட்டுவிரியன் ராத்திரி தரையில் படுத்திருப்பவரைக் கடிக்கும், பல சமயம் வலியே இருக்காது. விடிகாலையில் வயிற்று வலி, இமை சொருகல் என்று தொடங்கும்போது அஜீரணம் என்று நினைத்து நேரம் போய்விடுகிறது. இந்தியாவில் வருடத்துக்கு சராசரியாக 58,000 பேர் பாம்புக்கடியில் இறக்கிறார்கள் என்று 2020-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. இறுக்கிக் கட்டுவதும் கீறி விடுவதும் கெடுதல். கடிபட்டவரை ஓட விடாமல், கை கால் அசையாமல் மருத்துவமனைக்குத் தூக்கிப் போக வேண்டும். அங்கே போடுகிற விஷமுறிவு மருந்துக்கான விஷம் எங்கிருந்து வருகிறது தெரியுமா? மாமல்லபுரம் பக்கத்தில் வடநெம்மேலியில் 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து பெரும் பங்கு போகிறது. அந்த விஷத்தைக் குதிரைக்குச் சிறு சிறு அளவில் செலுத்தி, அதன் இரத்தத்தில் உண்டாகும் எதிர்ப்பொருளை எடுத்து மருந்தாக்குகிறார்கள். 2023-ல் வடிவேல் கோபால், மாசி சடையன் என்ற இரண்டு இருளர்களுக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. பொருளியல் படிக்கிற பிள்ளைக்கு ஒரு கூட்டுறவுச் சங்கத்தின் பாடமும் இதில் இருக்கிறது.

பி.ஏ. வரலாறு, தமிழ் படிக்கிறவர்களுக்கு இன்னொன்றும் வைப்பேன். ஒரு மருந்து வேலை செய்கிறது என்று எப்படித் தெரிந்துகொண்டார்கள்? இதற்கு வெளிநாட்டுக் கதை தேவையில்லை. 1956-ல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கியது. அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியத்தில் மாதக்கணக்கில் படுக்கை, சத்தான சாப்பாடு, சுத்தமான காற்று என்றுதான் உலகம் முழுக்க நம்பினார்கள். சென்னையில் நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியை சானடோரியத்துக்கு அனுப்பினார்கள், மறு பாதிக்கு அதே மருந்தைக் கொடுத்து குடிசை வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். 1959-ல் முடிவு வெளியானது. வீட்டில் இருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள், வீட்டில் உள்ள மற்றவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. உலகம் சானடோரியங்களை மூடத் தொடங்கியதற்கு நம் சென்னையின் ஏழை வீடுகளில் நடந்த இந்த ஆய்வு ஒரு முக்கியக் காரணம். "எங்க சித்தப்பா சாப்பிட்டார், குணமாச்சு" என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று ஒரு மணி நேரம் பேசினால் போதும், அந்தப் பிள்ளை பிறகு எந்த விளம்பரத்தையும் வேறு கண்ணால் பார்க்கும்.

இனி நீங்கள் சொல்லப்போகும் ஆட்சேபங்கள்.

"ஏற்கெனவே சுற்றுச்சூழல் கல்வி கட்டாயமாக இருக்கிறதே?" இருக்கிறது. 1991-ல் உச்ச நீதிமன்றம் சொன்னதை வைத்துப் பிறகு எல்லாப் பட்டப் படிப்புக்கும் வந்தது. நல்ல விஷயம். ஆனால் அதில் காடும் காற்றும் குப்பையும் இருக்கின்றன, உடம்பு இல்லை. ஒரு வழக்குக்குப் பிறகு நாடு முழுக்க ஒரு பாடத்தைக் கட்டாயமாக்க முடிந்திருக்கிறது என்பதைத்தான் நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். மாசாச்சுசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் 1990களிலிருந்து எந்தத் துறை மாணவரும், கம்ப்யூட்டர் ஆனாலும் பொருளாதாரம் ஆனாலும், அடிப்படை உயிரியல் ஒன்றைப் படித்தே ஆக வேண்டும். அங்கே முடிகிறது.

"ஃபோனில் எல்லாம் இருக்கிறதே?" ஃபோனில் சரியான பதிலும் இருக்கிறது, தப்பான பதிலும் இருக்கிறது, இரண்டும் ஒரே மாதிரி சட்டை போட்டிருக்கின்றன. எது எது என்று பிரிக்க அடிப்படை வேண்டும்.

"சயின்ஸ் வராது என்றுதானே காமர்ஸ் எடுத்தார்கள்?" இந்தப் பேச்சுதான் எனக்குக் கோபம் வரவழைக்கிறது. ஆறாம் வகுப்பில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் தலைப்பிரட்டை பிடித்து வந்து, கால் முளைக்கிறதா என்று தினமும் காலையில் என் மேசைக்கு ஓடி வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் பின்னால் காமர்ஸ் எடுத்தவர்கள். பதினொன்றாம் வகுப்பில் குரூப்பைத் தீர்மானிப்பது மார்க்கும், பஸ் போகிற ஊரில் எந்தப் பள்ளி இருக்கிறது என்பதும், சீக்கிரம் வேலைக்குப் போக வேண்டிய அவசரமும். ஆர்வத்தை யாரும் அளந்து பார்க்கவில்லை. கல்லூரி அவர்களிடம் பெயர்ப் பட்டியலை நீட்டி மறுபடி பயமுறுத்தினால் அந்தத் தலைப்பிரட்டைப் பிள்ளை திரும்ப வராது.

பரீட்சையும் மாற வேண்டும். பரீட்சை எப்படியோ, படிப்பு அப்படி. "செல்லின் படம் வரைந்து பாகங்களைக் குறி" என்று கேட்டால் ஜெராக்ஸ் நோட்ஸ் போதும். பெயர் மறைத்த ஒரு லேப் ரிப்போர்ட்டைக் கொடுத்து, "இது உன் அம்மாவுடையது என்று வைத்துக்கொள், அவருக்குப் புரிகிற தமிழில் பத்து வரியில் விளக்கு, டாக்டரிடம் கேட்க வேண்டிய இரண்டு கேள்வி எழுது" என்று கேளுங்கள். ஒரு விளம்பரத்தைக் கொடுத்து, "இதை நம்புவதற்கு முன் என்ன ஆதாரம் கேட்பாய்" என்று கேளுங்கள். செய்முறைக்குப் பெரிய ஆய்வகம் வேண்டாம். விலங்கியல் துறையில் இருக்கிற நுண்ணோக்கியில் ஒரு சொட்டுக் குட்டைத் தண்ணீரை ஒவ்வொரு பிள்ளையும் ஒரு முறையாவது பார்க்கட்டும். விடுதியைச் சுற்றித் தேங்கிய தண்ணீரில் கொசுப்புழுவை எண்ணட்டும். டெங்கு கொசு சாக்கடையில் இல்லை, பூந்தொட்டித் தட்டிலும் மூடாத குடத்திலும் இருக்கிறது என்று கண்ணால் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

முடிக்கிறேன். என்னிடம் படித்தவர்களில் ஆறேழு பேர் இன்று கல்லூரி ஆசிரியர்களாக இருக்கிறீர்கள், இருவர் விலங்கியல் துறையிலேயே. உங்களுக்குத்தான் முக்கியமாக இந்தப் பதிவு. பாடத்திட்டம் மேலிருந்து வருகிறது, நீங்கள் மாற்ற முடியாது என்று தெரியும். ஆனால் அந்தக் கடைசிப் பீரியடில் கதவைச் சாத்திய பிறகு எதை உதாரணமாகச் சொல்வது என்பது உங்கள் கையில் இருக்கிறது. வாரம் ஒரு கேள்வியை எடுங்கள். உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்கிற பிள்ளைக்கு இதற்குப் பிறகு வேறு உயிரியல் ஆசிரியர் கிடையாது என்று நினைத்துக்கொண்டு நடத்துங்கள்.

பெற்றோர்களுக்கு ஒரு வேலை. இந்த வாரம் பிள்ளையிடம் என்.எம்.இ. பட்டியலைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். உயிரியல் இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள். பாடம் மோசமாக நடந்தால், வகுப்பில் எழுந்து "ஏன்" என்று கேட்கச் சொல்லுங்கள். ஒருவர் கேட்டால் பக்கத்தில் நாலு பேர் கேட்பார்கள்.

மருந்து, மாத்திரை விஷயத்தில் உங்கள் டாக்டர் சொல்வதே கடைசி வார்த்தை, என் பதிவை வைத்து யாரும் எதையும் நிறுத்தவோ தொடங்கவோ வேண்டாம். ஆனால் ஏன் என்று அவரிடம் கேளுங்கள். உங்கள் வீட்டில் பதில் கிடைக்காமல் கிடக்கிற ஏன்கள் இருந்தால் கீழே எழுதுங்கள். நம் பழைய மாணவர்களில் டாக்டர் மூவரும் நர்ஸ் அக்காக்கள் பலரும் இருக்கிறார்கள், தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

எல்லோரும் நலமாக இருங்கள்.

உங்கள் டீச்சர்